அலம்பித் துடைத்த சென்சார்

மகள் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனபோது, ஒரு கடல்நீர்த் தொட்டியையும் அதில் இரண்டு ஆரஞ்சு மீன்களையும் என்னிடம் விட்டுப்போனாள். ஸ்ரீவராகத்தில் எங்கள் கூடத்துக்குக் காலை வெயில் அந்தத் தொட்டி வழியாகத்தான் வரும். சுவரெல்லாம் நீலமாக அசையும். காப்பி ஆறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பேன்.

தொட்டியில் இரண்டு சென்சார்கள் தொங்கின. ஒன்று தண்ணீரின் சூட்டைப் பார்க்கும். மற்றது பேனா மாதிரி இருக்கும், நுனியில் கண்ணாடிக் குமிழ். அது பிஎச் அளவை, அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையைப் பார்க்கும். இரண்டின் வயர்களும் கன்ட்ரோலர் என்ற சின்னப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும். திரையில் பிஎச் கோடு பகலில் மெல்ல ஏறும், ராத்திரி இறங்கும், மறுபடி ஏறும், தூங்குகிற குழந்தையின் வயிறு போல. அதே கோட்டை அவளும் அங்கே ஃபோனில் பார்ப்பாள்; கோடு தப்பினால் அந்த ஃபோன் அலறும்.

பார்ப்பாள், பேச மாட்டாள். நான் பார்த்து வைத்த வரனை வேண்டாம் என்றாள் என்ற கோபத்தில், கிளம்புகிற அன்று, "இனிமே அம்மான்னு கூப்பிட்டுண்டு ஃபோன் பண்ணாதே" என்று சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி. என் வயிற்றில் பிறந்தவள்தானே, சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். நாலு மாதமாக மெசேஜ் மட்டும்தான். "தண்ணீர் குறைகிறது. ஊற்றவும்." ஏதோ ஆபீஸ் நோட்டீஸ்! படித்தால் அழுகை வரும். "ஊற்றியாச்சு" என்று பதில் அனுப்பிவிட்டு, கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை விளக்கு, சொம்பு எல்லாம் தேய்க்க உட்கார்ந்தேன். பேனா சென்சாரின் நுனியில் பாசி தெரிந்தது. இதை மட்டும் விடுவானேன்? கம்ப்யூட்டரை அணைத்து அதையும் துடைத்தேன். சென்சாரைக் கழற்றி, அலம்பி, துணியால் ஒற்றி, விளக்குக்குப் பக்கத்தில் ஜன்னல் வெயிலில் காயவைத்தேன். எங்கள் வீட்டில் எதையும் ஈரத்தோடு எடுத்துவைக்கும் வழக்கமில்லை.

மத்தியானம் திரும்ப மாட்டிக் கம்ப்யூட்டரைப் போட்டால், கோடு கிறுக்குப் பிடித்ததுபோல் குதித்தது. வயரைப் பிடுங்கி கம்ப்யூட்டரில் வேறு துளையில் செருகினேன். அணைத்துப் போட்டேன். அடங்கவில்லை. மீன்கள் என்னவோ சாவகாசமாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தன.

ஃபோன் அடித்தது. மகள்தான்.

"தொட்டியில என்ன கொட்டினே?" அம்மா என்ற சொல் இல்லை.

"ஒண்ணும் கொட்டலை. அந்தப் பேனாவை நன்னா அலம்பி வெயில்ல வெச்சேன், அவ்வளவுதான்."

"ஐயோ! அது காயவே கூடாதாக்கும். காஞ்சா அதோட கதை முடிஞ்சுது. பெட்டி பக்கத்துல சின்ன பாட்டில் இருக்கும், அதுல நுனி முங்கற மாதிரி வை. நாளைக்குக் கூப்பிடறேன்."

நாளைக்கு! அன்று முழுக்க அந்தச் சொல்லை வாய்க்குள் மிட்டாயாக அடக்கிக்கொண்டு திரிந்தேன்.

மறுநாள் அவள் சொல்லச் சொல்ல, அளவைச் சரிபார்க்க அவள் வாங்கி வைத்திருந்த பாக்கெட்டுகளை எடுத்து, ஏழு என்று எழுதிய பாக்கெட் நீரில் சென்சாரை முக்கிப் பெட்டியின் பட்டனை அழுத்தினேன். அலம்பிவிட்டுப் பத்து என்றதில் முக்கி அழுத்தினேன். தொட்டியில் விட்டதும் எண் தடுமாறி, எட்டேகாலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"சரியாயிடுத்து" என்றாள். ஃபோன் ஓய்ந்தது.

அப்புறம்தான் உறைத்தது. எல்லாம் சரியாக இருந்தால் அவள் எதற்குக் கூப்பிடப்போகிறாள்? மூன்று நாள் கோடு சமர்த்தாக ஏறி இறங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது.

நாலாம் நாள் காலை, நீலம் சுவரில் அசைந்துகொண்டிருந்தது. பாதிக் கனவில் இருப்பதுபோல் எழுந்துபோய் சென்சாரை வெளியே எடுத்தேன். கோடு தடுமாறியது. சொட்டுச் சொட்டாக என் முழங்கையில் தண்ணீர் வழிந்தது.

ஃபோன் அடித்தது.

"இப்ப என்ன ஆச்சு?" தூக்கக் குரல். அங்கே இன்னும் விடியவில்லை.

"ஒண்ணும் ஆகலை. நான்தான் வெளியில எடுத்தேன், நீ கூப்பிடணும்னு. அன்னிக்கு நான் சொன்னது தப்பு, கேட்டியா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அம்மா," என்றாள், "அதைத் தண்ணிக்குள்ள விடு. காஞ்சுடப்போறது."