அருணாசலம் ஐயா கேட்டு வாங்கிய பாட்டு

இடைவேளை மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே ஓடிக்கொண்டிருந்தார்கள். கைப்பேசியில் சுமதியின் குரல். "டீச்சர், மாமா போயிட்டாருங்க."

எந்த மாமா என்று நான் கேட்கவில்லை. அன்று காலை ஓப்பநாயக்கவில் பஸ் ஏறியபோது அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் அவரைக் காணவில்லை. லீவு போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். "சேர்ட்டெல்லாம் போட்டுக்கிட்டு பஸ்ஸுக்குத்தான் கெளம்பினாரு. வாசப்படியில நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்தாரு. அவ்வளவுதான்" என்றாள் சுமதி.

இரத்தினபுரி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அருணாசலத்தைத் தெரிந்தவர்கள் இதை வாசிப்பீர்கள் என்று நினைத்தே எழுதுகிறேன். கோர்ட்டைக் 'கோட்டு' என்று சொல்லும் தோட்டத்து மக்கள் அவரைக் 'கோட்டு ஐயா' என்பார்கள். ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர். கடைவீதியில் சிங்களப் பிள்ளைகளோடு பந்தடித்தே சிங்களம் படித்ததாகச் சொல்வார். நான் இரத்தினபுரியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கிய நாள் முதல், காலையும் மாலையும் ஒரே பஸ்ஸில் போய்வந்தோம். எங்கள் சிநேகிதம் முழுவதும் அந்த பஸ்ஸுக்குள்தான் நடந்தது.

ஒரு தடவை சாட்சிக் கூண்டில் நின்ற ஒரு தோட்டத்து அம்மா, தன் மைத்துனனைக் காட்டி, "எங்க வயித்துல அடிச்சிட்டான் சாமி" என்றாளாம். அதை அப்படியே சிங்களத்தில் சொன்னால் கைகலப்பு வழக்காகிவிடும். இவர் நீதிபதியிடம் அனுமதி கேட்டு, பிழைப்பைக் கெடுத்துவிட்டான் என்பதுதான் பொருள் என்று விளக்கியிருக்கிறார். அந்த அம்மாவுக்கும் சிங்களம் விளங்கும். "நான் சொன்னதச் சொல்லுங்க ஐயா, ஒங்க கதையச் சேக்காதீங்க" என்று அங்கேயே அவரை அதட்டியிருக்கிறாள். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்து, "வார்த்தையத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கிறது லேசு டீச்சர். அதுல ஒட்டிக்கிட்டு இருக்கிற மனசு பாதி வழியில விழுந்துடுது" என்றார்.

கலியாண வரவேற்புகளில் நடக்கும் பாட்டுக் கூத்துகளைச் சொல்ல அவரை விட்டால் ஆள் கிடையாது. தமிழ், சிங்களம் என்று எல்லா வீட்டிலிருந்தும் அழைப்பு வரும், எல்லாவற்றுக்கும் போவார். வரக்காப்பொலயில் ஒரு வரவேற்பில் காதலி கைவிட்டுப் போன ஒருவன் குடித்துவிட்டுப் புலம்பும் பாட்டுக்குக் கேக் வெட்டினார்களாம். பெல்மதுளையில் கீபோட் வாசித்தவர், மணமக்கள் உள்ளே வரும் நேரம் பார்த்து ஐஸ்கிரீம் வேனின் மெட்டை வாசிக்க, மண்டபத்திலிருந்த பிள்ளைகள் எல்லாம் வாசலுக்கு ஓடிவிட்டார்கள். "பொண்ணு மாப்பிள்ளைய ஒருத்தரும் பாக்கல டீச்சர். வேன் எங்கன்னு தேடுறாங்க!" பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரிப்பார். இதெல்லாம் சுமதியின் கலியாணத்துக்கு முன்பு.

சுமதி அவருடைய தங்கை லெட்சுமியின் ஒரே மகள். லெட்சுமி தேயிலைக் கொழுந்தெடுத்து வளர்த்த பிள்ளை. அவளுக்கு அப்பா இல்லாததால் எல்லாவற்றுக்கும் மாமன்தான். மாப்பிள்ளை மோகன், பெல்மதுளையில் லொறி ஓட்டியவன். நல்ல பிள்ளை. அவனுடைய கூட்டாளிகள் முக்கால்வாசிப் பேர் சிங்களப் பையன்கள். கோயிலில் தாலி கட்டிய பிறகு, டவுன் மண்டபம் ஒன்றில் வரவேற்பு வைத்தார்கள். அதற்கு அந்தக் கூட்டாளிகளே இரத்தினபுரியிலிருந்து ஒரு சிங்கள இசைக்குழுவைக் கூட்டி வந்திருந்தார்கள். நானும் போயிருந்தேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கொழும்பில் குண்டு வெடித்த செய்தி வந்தால் அந்த வாரம் முழுக்க தமிழர்கள் பஸ்ஸில் குரலைத் தாழ்த்திப் பேசிய காலம். டவுன் மண்டபத்தில் தமிழ்ப் பாட்டைச் சத்தமாகப் போடுவதா வேண்டாமா என்று யாரும் வாய்விட்டுப் பேசவில்லை; பேசாமலே முடிவாகியிருந்தது. பைலா என்னும் சிங்கள ஆட்டப் பாட்டும் ஆங்கிலப் பாட்டுமாக ஓடிற்று. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஆடினார்கள். தோட்டத்திலிருந்து வந்தவர்கள் பட்டுச் சேலை கசங்காமல் சுவரோரமாக உட்கார்ந்து சோடாவைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

லெட்சுமிதான் பொறுக்காமல் அண்ணனிடம் வந்தாள். "என்னண்ணே இது, நம்ம ஆளுங்க யாரோ வீட்டுக்கு வந்த மாதிரி குந்தியிருக்காங்க. ஒரே ஒரு தமிழ்ப் பாட்டு பாடச் சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பாங்க."

அவர் மேடையருகே போனார். பாடகர் சோமபால, வெள்ளைக் கோட்டுப் போட்ட பருத்த மனிதர். ஐயா குனிந்து ஏதோ கேட்க, அவர் முகம் மலர்ந்து, "எகக் தன்னவா மஹத்தயா, எகக் தன்னவா" என்றது எங்களுக்கே கேட்டது. ஒன்று தெரியும் ஐயா, ஒன்று தெரியும் என்று. ஐயா எங்களைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

சோமபால பாடத் தொடங்கினார். நல்ல குரல். தமிழும் பரவாயில்லை. ஆனால் அது எங்கள் தோட்டங்களில் சாவு வீட்டில் ஒலிபெருக்கி கட்டியதும் போடுகிற பாட்டு. அதைக் கேட்டால் எந்த லயத்தில் யார் என்றுதான் முதலில் கேட்போம். அந்தப் பாட்டை அவர் பைலாத் தாளத்தில், முகமெல்லாம் சிரிப்பாக, மணமக்களைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டிப் பாடினார். கூட்டாளிகள் மோகனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். சுவரோரம் இருந்தவர்களில் ஒரு கிழவி தன்னையறியாமல் முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். லெட்சுமியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மேடையில் சுமதி மட்டும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

ஐயா அசையாமல் நின்றார். பிறகு கைதட்டத் தொடங்கினார். எங்களையும் தட்டச் சொல்லிக் கண்ணால் கெஞ்சினார். தட்டினோம். ஏன் நிறுத்தவில்லை என்று பின்னால் ஒரு நாள் கேட்டேன். "அந்த நேரத்துல, அந்த மண்டபத்துல, பாட்ட நிறுத்துன்னு எந்திரிச்சா அது வேற மாதிரி ஆகியிருக்கும். அதோட, அந்த மனுஷன் நமக்குன்னு ஆசையாப் பாடுறாரு. என்னத்தச் சொல்றது?" என்றார். பிறகு அவரே, "என்ன பாட்டுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். நாளெல்லாம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்குறவன் நான்" என்றார்.

வேறு யாருக்காவது நடந்திருந்தால் அவரே பஸ்ஸில் சொல்லிச் சிரித்திருக்கக்கூடிய கதைதான். ஆனால் அடுத்த மழைக்காலத்தில் பலாங்கொடைப் பாதையில் மண் சரிந்து, மோகன் லொறியோடு போனான்.

மரண வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. தோட்டத்துப் பொடியன்கள் ஒலிபெருக்கியைக் கட்டி, வழக்கமாகப் போடும் பாட்டைப் போட்டார்கள். அதே பாட்டு. அருணாசலம் ஐயா அப்போதுதான் முற்றத்துக்குள் வந்துகொண்டிருந்தார். லெட்சுமி எழுந்து வந்து, அத்தனை பேர் முன்னால், "அன்னைக்கு நீங்கதானே அண்ணே கேட்டு வாங்கிக் குடுத்தீங்க. இப்பவும் நின்னு நல்லாக் கேட்டுட்டுப் போங்க" என்றாள். அவர் நின்றார். பாட்டு முடியும் வரை நின்று கேட்டுவிட்டுத்தான் வெளியே போனார்.

அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேசவில்லை. அவர் கலியாணங்களுக்குப் போவதும் நின்றது. அழைத்தவர் மனம் நோகக் கூடாது என்று முதல் நாளே போய் மொய்யைக் கொடுத்து வாழ்த்திவிட்டு வந்துவிடுவார். "நாளைக்கு வழக்கு இருக்கு" என்று ஞாயிற்றுக்கிழமைக் கலியாணத்துக்குக்கூடச் சொல்லி மாட்டிக்கொண்டிருக்கிறார். பஸ்ஸில் நான் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. இழப்பு ஒரு பக்கம் இருக்க, ஒரு மனிதர் சிரிப்பதை விட்டுவிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் கஷ்டம்தான்.

சில வருடங்கள் கழித்து, ஒரு நாள் சோமபால அவரைத் தேடி நீதிமன்றத்துக்கே வந்தார். அந்தப் பாட்டைப் பற்றி யாரோ அவரைக் கேலி செய்திருக்கிறார்கள். உண்மையைச் சொல்லுங்கள், அது என்ன பாட்டு என்று கேட்டிருக்கிறார். அவருடைய வீடு ஒரு தேயிலைத் தோட்டத்தின் அடிவாரத்தில். மலையில் கூட்டம் கூடும்போதெல்லாம் அந்தப் பாட்டு ஒலிபெருக்கியில் இறங்கி வருமாம். நிறையப் பேர் நல்ல உடுப்போடு மேலே ஏறிப் போவதையும் பார்த்திருக்கிறார். விசேஷப் பாட்டு என்று நினைத்து, காதால் கேட்டுக் கேட்டே மனனம் செய்திருக்கிறார்.

ஐயா உள்ளதைச் சொல்லிவிட்டார். அது மரண வீட்டுப் பாட்டு, இனிமேல் கலியாணத்தில் பாடாதீர்கள் என்று. சோமபால தலையில் கை வைத்துக்கொண்டாராம். பிறகு கேட்டிருக்கிறார்: "அந்த ஜோடி? அவங்க நல்லா இருக்காங்களா?"

அன்று மாலை பஸ்ஸில் ஐயா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னார். பின்னால் குருவிட்டப் பக்கம் மழை கறுத்திருந்தது. "இத்தனை வருஷத்துல கோட்டுக்குள்ள நான் ஒரு வார்த்த மாத்திச் சொன்னதில்ல டீச்சர். இன்னைக்கு சொன்னேன். நல்லா இருக்காங்க, ரெண்டு புள்ளைங்கன்னு சொன்னேன்."

"அந்த மனுஷனுக்காகத்தானே சொன்னீங்க?"

"அவருக்காகத்தான். ஆனா சொல்லி முடிச்சிட்டுப் பாத்தா, எனக்கே கொஞ்ச நேரம் அது நிசமா இருந்திச்சு." கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சுமதி ஒருநாளும் அவரைக் குறை சொன்னதில்லை. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். அம்மாவுக்குத் தெரியாமல் மாமாவைக் கடைவீதியில் சந்தித்துப் பேசுவாள். அவளை இன்னொருவர் கட்டிக்கொள்ளக் கேட்டபோது, ஊர் என்ன சொல்லுமோ என்று லெட்சுமி தயங்க, ஐயாதான் பின்னால் நின்று நடத்தி வைத்தார். இரத்தினபுரியில் பதிவுத் திருமணம். லெட்சுமி வரவில்லை. அவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பதிவாளர் சிங்களத்தில் சொன்னதை ஒவ்வொரு வரியாக அவளுக்குத் தமிழில் சொன்னார். சுமதிக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். ஆனாலும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

பிறகு ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் கொஞ்சப் பேராக உட்கார்ந்தோம். சுமதி பையிலிருந்து ஒரு சின்னக் கசெட் ரேடியோவை எடுத்து மேசையில் வைத்தாள். ஐயாவின் முகம் மாறிற்று. "வேணாம் தாயி. எதுவும் போடாத. சும்மா பேசிக்கிட்டு இருப்போம்" என்றார். அவள் அதைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டாள்.

இப்போது ஐயாவின் சாவு வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அதைத்தான் சொன்னாள். "அன்னைக்கு போட்டிருக்கணும் டீச்சர். அவரு வேணாம்னாலும் போட்டிருக்கணும். அவருக்குத்தான் கொண்டு வந்தேன். நல்ல பாட்டா, நானே பாத்துப் பாத்துப் பதிஞ்சு கொண்டு வந்தேன்."

லெட்சுமி அண்ணனின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்திருந்தாள். அன்று அங்கே ஒலிபெருக்கி கட்டவில்லை. கட்ட வேண்டாம் என்று யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சுங்க. மாப்பிள்ள போனதுக்கு இவரு என்ன செய்வாரு? நான்தானே பாடச் சொல்லச் சொன்னேன். அதுவும் எனக்குத் தெரியும். ஆனா எப்பிடிப் பேச ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. பஸ் ஸ்டாண்டுல பாப்பேன். இன்னைக்குப் பேசிடணும்னு நெனப்பேன். அதுக்குள்ள பஸ் வந்துடும்."

அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டேன். அவரும் பஸ்ஸுக்காக நின்ற நாட்களில் தங்கை எதிர்ப்புறம் போவதைக் கண்டு, செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், சொல்வேன்.

அவரோடு நான் கடைசியாகச் செய்த பயணத்தைச் சொல்லி முடிக்கிறேன். பெல்மதுளைச் சந்தியில் வாகன நெரிசல். பக்கத்தில் பூ ஒட்டிய ஒரு கலியாணக் கார் வந்து நின்றது. கார்க் கண்ணாடி இறக்கியிருந்தது. உள்ளேயிருந்து ஏதோ ஒரு சண்டைப் படத்துப் பாட்டு, பறையும் வெடியுமாக, காது கிழிகிற சத்தத்தில். மணப்பெண் மாலைக்குள் முகம் புதைந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளை தாளம் போட்டுக்கொண்டிருந்தான். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு ஐயா வாய்விட்டுச் சிரித்தார். பஸ் நகரத் தொடங்கியதும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அவர்களைப் பார்த்து ஆட்டினார். மாப்பிள்ளையும் பதிலுக்குக் கையசைத்தான். கார் பின்தங்கி, வளைவில் மறைந்த பிறகும் இவர் கையை உள்ளே எடுக்கவில்லை.

"யாரு, தெரிஞ்சவங்களா?" என்று கேட்டேன்.

"இல்லியே. யாரோ எவரோ. நல்லா இருக்கட்டும்" என்றார்.

அவர் நினைவாக, யாரோ எவருக்கோ ஆட்டிய அந்தக் கையை நான் வைத்துக்கொள்கிறேன்.