பெயர்களுக்கு அடியில் ஒரு வயலின்

போன சனிக்கிழமை புக்கிட் பெருந்துங்கில் ஒரு கல்யாண விருந்து. மேடையில் ஒருவர் கரவோக்கேயில் பழைய பாட்டொன்று பாடினார். பல்லவி முடிந்து வயலின் தனியாக எழும்பும் இடத்தில் அறிவிப்பாளர் மைக்கை வாங்கி, "வெள்ளக் காடி யாரோடது? வழிய மறைக்குதுலா, கொஞ்சம் எடுத்துருங்க" என்றார். சரணம் வந்ததும் திருப்பிக் கொடுத்தார். எல்லோரும் கோழிப் பிரட்டலில் கவனமாக இருந்தார்கள். நான் பாதியில் எழுந்து கைகழுவினேன்.

எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் பாட்டுக் கேட்டதே இப்படித்தான். வானொலியில் நேயர் விருப்பம் போகும். இடையிசை தொடங்கினால் அறிவிப்பாளர், விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களை வாசிப்பார். தஞ்சோங் காராங் சரசு, அவர் தங்கை, தங்கையின் தோழிகள் என்று முடிப்பதற்குள் சரணம் வந்துவிடும். அந்தப் பெயர்களுக்கு அடியில் ஒலித்தது என்ன வாத்தியம் என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் இசைக்குழுவில் அக்கார்டியன் வாசித்த செபஸ்தி அண்ணனுக்கும் தெரியாது. வார நாளில் லோரி ஓட்டுவார், ஞாயிறு மாதா கோயிலில் ஆர்மோனியம். வானொலியில் கேட்டுத்தான் பாட்டைப் பிடிப்பார். பெயர்கள் மறைத்த இடத்துக்குத் தானே ஒரு மெட்டுத் துண்டு, ஒரு பிட், கட்டிவிடுவார். கல்யாணங்களில் அந்த இடம் வந்தால் பந்தியில் பேச்சு நின்றுவிடும்.

நானோ எதையும் தேதி போட்டு எழுதிவைக்கிற ஆள். எந்தப் பாட்டில் எந்த வாத்தியம் தனித்து வருகிறது என்பதற்கென்றே ஒரு நோட்டு, அரைகுறைச் சுரங்களோடு. பெண் வீட்டார் பார்த்திருந்தால் எனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. விருந்தில் கேட்ட அதே பாட்டின் அசல் கேசட் அப்போது கிள்ளானில் கிடைத்ததும் ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டினேன். அக்கார்டியனே இல்லை, வயலின். மெட்டும் வேறு.

"இத்தன வருசமா ஏமாத்தியிருக்கியேடா செபஸ்தி" என்று சிரித்தார் குழுத் தலைவர் மணியம்.

"அந்த எடத்துல சரசு பேருதானண்ணே கேட்டுச்சு. பேரையா வாசிக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மணியம் கீபோர்டு வாங்கினார். வயலின் வேண்டுமென்றால் ஒரு பொத்தான். செபஸ்தி அண்ணனை அதன்பின் யாரும் கூப்பிடவில்லை. வெகுநாள் கழித்து கம்போங் குவாந்தான் சாலையில் லோரியை நிறுத்தி என்னிடம் கேட்டார்: "தம்பி, அந்த நோட்டுல என் பிட்டு இருக்கா? எனக்கே மறந்துபோச்சு."

"அது தப்புண்ணே. அடிச்சிட்டேன்."

"சரிலா" என்று கியரைப் போட்டார்.

அவர் இப்போது இல்லை. தோட்டம் இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம். விருந்திலிருந்து வந்ததும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. அவர் பிட்டை அடித்த அந்த ஒரு வரியில் மட்டும் மை கெட்டியாக. வயலினைப் பிசகாமல் முணுமுணுக்க முடிகிறது. அவருடையதில் முதல் மூன்று சுரம் வருகிறது. அதற்குமேல் சரசு, அவர் தங்கை, தங்கையின் தோழிகள்.