பாலத்து மாமியார்

சனிக்கிழமை காலையில் சந்தைக்குப் போகிற வழியில் எவ்கென் பாலத்து முனையில் நிற்பார். தொப்பியைக் கழற்றி இடக்கையில் வைத்துக்கொள்வார். வலக்கை விரல் முட்டியால், டிராகன் சிலை உட்கார்ந்திருக்கும் கல்மேடையில் இரண்டு தட்டு. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி. ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருந்துவிட்டு நடப்பார்.

லியூப்லியானா நகரத்தில் இந்தப் பச்சை டிராகனுக்கு மாமியார் என்று பெயர். யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது; எவனோ ஒரு மருமகனாகத்தான் இருக்க வேண்டும்.

"என்ன பெரியவரே, மாமியார் கதவத் தொறந்தாங்களா?" என்பாள் புளித்த முட்டைக்கோஸ் விற்கும் மீலா.

"உள்ளதான் இருக்காங்க. தொறக்க மனசு வரல."

எழுபத்து நாலாம் வருடம் மார்ச் மாதம் இதே இடத்தில் அவர் நின்றிருந்தார். வயது இருபத்தாறு. மூரா ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தபால்காரர். செருப்புக்கடையில் வேலை பார்த்த தாரிங்காவைக் கட்டினால் உண்டு, இல்லையென்றால் ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். முடிவு தாரிங்காவின் அம்மா கையில். பத்து மணிக்குப் பாலத்தில் பார்க்கலாம் என்று அந்த அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அவர் எப்படி இருப்பார் என்று எவ்கெனுக்குத் தெரியாது. பயத்தில் ஒன்பதரைக்கே வந்துவிட்டார்.

காய்கறிப் பையைக் கீழே வைத்து இளைப்பாறிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி இவரையே பார்த்தார்.

"ஏம்ப்பா, கூண்டுக் கரடி மாதிரி அங்கயும் இங்கயும் நடக்குற?"

"மாமியார் வராங்கம்மா. அதுவரைக்கும் இந்த மாமியாரப் பாத்துப் பழகிக்கிறேன். இது வாயத் தொறந்து வெச்சிருக்கே தவிர, ஒரு வார்த்தை பேசாது."

"கடிக்காதா?"

"இது கடிக்காது. வரப்போறவங்களுக்குத்தான் பல்லு அத்தனையும் அப்படியே இருக்காம்."

"பொண்ணு பேரு?"

"தாரிங்கா."

அந்தப் பெண்மணி குனிந்து பையை எடுத்தார்.

"ரெண்டு பல்லு போயிடுச்சுப்பா. போன வருஷம்."

கீழே ஆறு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எவ்கெனின் முகம் வெளிறிப்போயிற்று. வந்தவர் தாரிங்காவின் அம்மா யெராதான். பையை அவர் கையில் திணித்துவிட்டு முன்னால் நடந்தார். சந்தையைத் தாண்டி, சந்துக்குள் திரும்பி, மூன்றாம் மாடி வரை எவ்கென் பின்னாலேயே போனார். ஊருக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று மனம் கணக்குப் போட்டது. கதவருகில் அம்மா பையை வாங்கிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்கு சூப் வைப்பேன். ஆறிப்போனா எனக்குப் பிடிக்காது. நேரத்துக்கு வந்துடு."

கல்யாணமாகி, மாமியாரோடு ஒரே கூரையின் கீழ் முப்பத்தோரு வருடம் ஓடிற்று. வீட்டுக்கு யார் வந்தாலும், "என் பல்ல எண்ணினவன் இவன்தான்" என்றே யெரா மருமகனைக் காட்டுவார். வந்தவர்கள் சிரிப்பார்கள், எவ்கென் காது சிவக்க ரொட்டி அறுப்பார். அந்தக் கேலி நின்ற பிறகுதான் வீடு எவ்வளவு பெரிது என்று தெரிந்தது.

யெராவின் அடக்கம் முடிந்து, சாப்பிட்ட தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது தாரிங்கா சொன்னாள்:

"அம்மா அன்னிக்குப் பாலத்துக்கு வந்ததே முடியாதுன்னு சொல்லத்தான். முந்தின நாள் பூரா கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டாங்க."