மூக்கு சார்

தண்ணீர் குடிக்கும் முன் அப்பா தம்ளரை மூக்கருகே கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்துவார். வெறும் குழாய்த் தண்ணீர்தான். மகளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். துவைத்த சட்டை, சோறு, அவளுடைய புதுப் பாடப்புத்தகம், எது கைக்கு வந்தாலும் முதலில் மூக்கு.

பிழைப்பே அதுதான். போர் விமானிகள் முகமூடிக்குள் சுவாசிக்கும் ஆக்சிஜனைச் சோதிக்கும் கூடத்தில் அவர் மூத்த சோதனையாளர். தொட்டியிலிருந்து திரவ ஆக்சிஜனைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து, அது ஆவியாகி, குடுவை அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து, குனிந்து மோந்து பார்ப்பார்கள். எந்த வாடையும் இருக்கக் கூடாது. எவ்வளவு ஆக்சிஜன் என்று கருவி காட்டிவிடும். மிச்சத்தில் என்ன ஒளிந்திருக்கிறது என்பதை மூக்குதான் சொல்ல வேண்டும். கூடத்தில் அவர் மூக்கு சார். அவருக்குக் கீழே வேலை பார்த்த இளம்பெண் சின்ன மூக்கு.

அந்த மூக்குக்காக வீட்டில் பவுடர் கிடையாது, வாசனை சோப்பு கிடையாது.

"இவரைக் கட்டிக்கிட்டு நான் என்ன மணத்தைக் கண்டேன்?" என்பாள் அம்மா.

"சுத்தமான காத்தைக் கண்டியே, போதாதா?" என்பார்.

மகள் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும்போது அவர் காய்ச்சலில் விழுந்து எழுந்தார். மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்தது. அவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து மகள்தான் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

"அப்பா, உங்களுக்கு வாடை தெரியலையா?"

தாளைத் தாழ்த்தாமலே சொன்னார். "நீ படிப்பை முடி. அதுவரைக்கும் இந்த மூக்கு மூக்காவே இருக்கட்டும். அம்மாகிட்ட உளறிடாதே."

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அதுவும் வேதியியல். அவர் சொன்னதற்கு என்ன பொருள் என்று தெரியாமலில்லை. தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டாள். அவர் தம்ளரை மோந்து பார்ப்பதை விடவில்லை. இப்போது அது பார்க்கிறவர்களுக்காக.

சில வாரம் கழித்துச் சின்ன மூக்கு வீட்டு வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"சார், தொட்டி கழுவின மருந்து வாடை வருதுன்னு நான் சொன்னேன்ல? நீங்கதான் குனிஞ்சு பார்த்துட்டு, 'உனக்குச் சளி, அனுப்பு'ன்னீங்க. இப்போ விசாரணையில, 'அவதான் மோந்து பார்த்தா, எனக்குத் தெரியாது'ன்னு சொல்லியிருக்கீங்களே."

அந்த ஆக்சிஜனைச் சுவாசித்த விமானிக்கு நடுவானில் குமட்டித் தலை சுற்றியிருக்கிறது. எப்படியோ தரையிறங்கிவிட்டார். உயிர் தப்பியது, பறக்கும் வேலை தப்பவில்லை. சின்ன மூக்கையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"வீட்டுக்கெல்லாம் வரக்கூடாதும்மா. நான் பேசுறேன். நீ போ," என்றார் அப்பா.

மகள் ஜன்னலருகே புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய், இவருக்கு வாடை தெரியாது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். பக்கத்தைப் புரட்டினாள்.

அப்பா யாரிடமும் பேசவில்லை. மகள் பட்டம் வாங்கியதும் பேசுவார் என்று அவள் நினைத்தாள். ஓய்வு பெறும்போது பேசுவார் என்று நினைத்தாள். 'நம்ம கூடத்தோட மூக்கே இவர்தான்' என்று புகழ்ந்து மாலை போட்டு அனுப்பினார்கள். சிரித்துக்கொண்டு கும்பிட்டார். அந்தப் படமும் அவளுடைய பட்டமளிப்புப் படமும் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன.

அவர் இறந்த மறுநாள் சின்ன மூக்கு துக்கம் கேட்க வந்தாள். துணிக்கடையில் வேலை பார்க்கிறாளாம். மகள் கொடுத்த தண்ணீரை மூக்கருகே கொண்டுபோனவள், வெட்கப்பட்டவள்போல் மடக்கென்று குடித்தாள்.

"பேசுறேன்னாரே, யார்கிட்டயாவது பேசினாராம்மா?"

"இல்லக்கா."

"சரி, விடு. நான் மோந்தது சரிதான்னாவது வீட்டுல சொன்னாரா?"

மகள் இல்லையென்று தலையாட்டினாள். அப்பா கொடுக்காமல் போன அந்த ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. உள்ளே அம்மா அவருடைய பெருமைகளை யாரிடமோ சொல்லி அழுதுகொண்டிருந்தாள்.

காலித் தம்ளரை வாங்கிக்கொண்டு போய்க் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். வாசலில் அந்தப் பெண் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.