மலர்விழி கழுவிய தட்டுகள்

ஏழாம் வகுப்பு மலர்விழிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று அம்சவள்ளியிடம் சொன்னது பக்கத்துத் தெரு கெங்கம்மாள். கெங்கம்மாளுக்குச் சொன்னது பால் சொசைட்டியில் நின்ற யாரோ. அந்த யாரோவுக்கு யார் சொன்னார்களோ. விழுப்புரத்திலிருந்து காணைக்குப் போகும் டவுன் பஸ்ஸில், பூண்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கெங்கம்மாள் அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் விஷயத்தை எடுத்தாள். குரலை மட்டும் தாழ்த்தவில்லை.

"காலனி பூமாலை மவ கீறாளே, மலரு. பள்ளிக்கூடத்து கக்கூஸ் பக்கம் போனாலே ஒடம்பு வெடவெடன்னு நடுங்குதாம். சாயங்காலம் மணி அடிச்சதும் ஊட்டுக்கு ஓடியாந்துதான் ஒண்ணுக்குப் போவுதாம். அந்தக் கக்கூஸ் கட்டுன எடத்துல முன்ன கெணறு இருந்துச்சில்ல? அதுல உழுந்தவ புடிச்சிக்கினாளாம்."

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. பூமாலை அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்கு இட்டுக்கினு போய்ட்டு வந்துட்டா. உனுக்குத் தெரியாதா? தெனம் அந்தப் பொண்ணுக்குச் சோறு போடறவ நீதான?"

அம்சவள்ளிக்குத் தெரியாதுதான். அது அவளுக்கு உறுத்தியது. காணைக்குத் தெற்கே உள்ள அந்த நடுநிலைப் பள்ளியில் பதினோரு வருஷமாக அவள் சத்துணவுச் சமையல்காரி. நூற்று நாற்பது பிள்ளைகளில் யாருக்குப் புளிப்பு ஆகாது, எவன் தன் முட்டையை டவுசர் பையில் ஒளித்துத் தங்கச்சிக்கு எடுத்துப் போவான், எவளுக்கு வீட்டில் காலைச் சாப்பாடு இருந்திருக்காது, எல்லாம் அவளுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். மலர்விழியைப் பற்றி யாராவது கேட்டிருந்தால் பாராட்டித்தான் சொல்லியிருப்பாள். சொல்லியும் இருக்கிறாள். போன மாதம் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த பூமாலையை மற்ற அம்மாக்கள் நடுவில் நிறுத்தி, "உம் பொண்ணு மாதிரி ஒரு பொறுப்பு வராது பூமாலை. தன் தட்டோட கூட்டாளிங்க தட்டையும் சேத்துக் கழுவி அடுக்கிட்டுத்தான் போவும்" என்றாள். பூமாலைக்கு முகமெல்லாம் பல். மலர்விழி அம்மாவின் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடக்கமான பெண் என்று அம்சவள்ளி அதையும் பாராட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கொண்டைக்கடலைப் புலாவு, முட்டை. அரைப் பரீட்சை முடிந்ததிலிருந்து மலர்விழி முட்டை வாங்குவதில்லை. "புடிக்கல ஆயாம்மா" என்றதால் அவளை முட்டைக்குப் பதில் வாழைப்பழம் வாங்குகிறவர்கள் பட்டியலில் சேர்த்தாயிற்று. பழத்தைக் கொடுத்துவிட்டு அம்சவள்ளி கரண்டியை உதவியாளிடம் தந்தாள். சமையல்கட்டு ஜன்னலோரம் போய் நின்று எட்டிப் பார்த்தாள்.

வேப்பமரத்தடியில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மலர்விழி அவர்களைக் கடந்தபோது நடுவில் இருந்தவள் கையை நீட்டினாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் நீட்டிய கையில் சில்லறையை வைப்பதுபோல் மலர்விழி பழத்தை வைத்துவிட்டு, அவர்களுக்குப் பக்கத்தில், ஆனால் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடித்ததும் மூன்று தட்டுகளும் அவள் காலடியில் தரையில் வந்து நின்றன. யாரும் அதட்டவில்லை. பேச்சு வேறு எதைப் பற்றியோ ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தி மட்டும் பிரியமாகவே சொன்னாள்: "ஜல்தி மலரு, மணி அடிச்சிடும்."

குழாயடியில் நான்கு தட்டுகள். அந்தப் பக்கமாகப் போன டீச்சர் ஒருவர் மலர்விழியின் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

தட்டை அடுக்க வந்தவளிடம் அம்சவள்ளி சொன்னாள்: "கிளாசு ஆரம்பிக்கப் போவுது. போய் ஒண்ணுக்குப் போய்ட்டு வா கண்ணு."

"வரல ஆயாம்மா."

வரவில்லை என்றவள் ஒரு காலை இன்னொரு கால்மேல் பின்னிக்கொண்டு நின்றாள்.

அம்சவள்ளி அப்போதே கூப்பிட்டு விசாரித்திருக்கலாம். வேப்பமரத்தடியில் கையை நீட்டியவள் வேறு யாருடைய பிள்ளையாகவாவது இருந்திருந்தால் விசாரித்திருப்பாள். நீட்டியவள் கலைப்பிரியா. அம்சவள்ளியின் தம்பி சீனுவாசனின் ஒரே மகள். கல்யாணமான இரண்டாம் வருஷம் புருஷன் போய்ச் சேர, அம்சவள்ளி தம்பி வீட்டுக்கு வந்தவள் அங்கேயே தங்கிவிட்டாள். இந்த வேலையும் சீனுவாசன் ஒன்றிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்து வாங்கித் தந்ததுதான். கலைப்பிரியா பிறந்ததிலிருந்து அத்தையின் பக்கத்தில்தான் படுக்கை. இடி இடித்தால் இன்றைக்கும் அத்தையின் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொள்ளும் பெண்.

அன்று சாயங்காலம் அவளுக்குச் சடை பின்னும்போது அம்சவள்ளி பேச்சை ஆரம்பித்தாள்.

"ஏன்டி கலை, உன் தட்ட நீ கழுவ மாட்டியா?"

"அவளே கேட்டு வாங்கிக்கிறா அத்தே."

"பழத்தையும் அவளேதான் குடுக்கறாளா?"

"அவளுக்குப் புடிக்காது."

"முட்டையும் புடிக்காது, பழமும் புடிக்காது. கக்கூஸும் புடிக்காதா?"

கலைப்பிரியா சடையை இழுத்துக்கொண்டு திரும்பினாள். முகத்தில் பயம் இல்லை. ஒரு சிரிப்புத்தான் இருந்தது. "நாங்க இன்னா அடிச்சமா, கிள்ளுனமா? ஒரு நாள் வெளிய தாப்பா போட்டோம். சும்மா வெளாட்டுக்கு. அப்புறம் தொறந்து உட்டுட்டோமில்ல?"

"எவ்ளோ நேரம் கழிச்சி?"

"ஒரு பீரியடு."

அம்சவள்ளி பின்னியதைப் பிரித்து மறுபடி பின்ன ஆரம்பித்தாள்.

"அவ ஒரே அழுவ அத்தே. சேத்துக்கோங்க, சேத்துக்கோங்கன்னு. தட்டு கழுவுனா சேத்துப்போம்னு சொன்னோம். சேத்துக்கினுதான கீறோம்? பக்கத்துலதான உக்காருது? நல்லா இழுத்துப் பின்னு, தொளதொளன்னு கீது."

பொய்யில்லை என்று அம்சவள்ளிக்குத் தெரிந்தது. ஒளிப்பதற்கு அதில் ஏதோ இருக்கிறது என்பதே அந்தப் பெண்ணுக்குத் தோன்றவில்லை. அம்சவள்ளி சடையை இழுத்துப் பின்னி ரிப்பன் கட்டினாள்.

இரண்டு நாள் மென்று முழுங்கிவிட்டு, வியாழக்கிழமை தலைமையாசிரியையிடம் போய், "ஏழாவதுல வேப்பமரத்தடியில உக்கார்ற அந்த நாலு பொண்ணுங்கள கொஞ்சம் பாத்துக்கோங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். பேர் சொல்லவில்லை. தலைமையாசிரியை வகுப்பில் விசாரித்தபோது யாரோ கலைப்பிரியா பேரைச் சொல்ல, வெள்ளிக்கிழமையே கலைப்பிரியா, மலர்விழி இரண்டு வீட்டாரையும் வரச்சொல்லிவிட்டார். ஊரில் எந்தத் தகராறையும் தீர்க்கிற வழி ஒன்று உண்டு: இரண்டு தரப்பையும் நிறுத்தி, இரண்டு தரப்பிலும் எழுதி வாங்கிவிடுவது. பிள்ளைகளுக்கும் அதேதான்.

சீனுவாசன் மடிப்புக் கலையாத சட்டையோடு பைக்கில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். பூமாலை கரும்பு வெட்டிலிருந்து அப்படியே வந்திருந்தாள். முழங்கை வரைக்கும் கரும்புச் சோகை இலை கிழித்த கோடுகள். இன்னொரு நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவள் வாசற்படிக்கு வெளியே நின்றாள். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.

"ரெண்டு பேரும் எழுதுங்க" என்று தலைமையாசிரியை சொல்லச்சொல்ல, பெண்கள் எழுதினார்கள். விளையாட்டாக ஏற்பட்ட சிறு சண்டை. இனிமேல் நாங்கள் சண்டை போட மாட்டோம். எங்களை மன்னிக்கவும்.

மலர்விழி பேனாவைத் தூக்கினாள். "நானும் மன்னிப்பு எழுதணுமா டீச்சர்?"

"ரெண்டு பேரும்னா ரெண்டு பேருந்தான். ஒரு கை தட்டி ஓசை வருமா?"

"எம் பொண்ணு இன்னாங்க டீச்சர் பண்ணுச்சி?" என்றாள் பூமாலை வெளியிலிருந்து.

"யாரு பண்ணாங்கன்னு நான் கேக்கலம்மா. நாளைக்கு மேலிடத்துலேர்ந்து கேள்வி வந்தா எனக்குத்தான் பேஜாரு." தலைமையாசிரியை சுவரோரம் நின்ற அம்சவள்ளியிடம் திரும்பினார். "ஆயாம்மா, தெனம் பக்கத்துல இருந்து பாக்கறவங்க நீங்க. நீங்க எதுனா பாத்தீங்களா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சீனுவாசன் மட்டும் பார்க்கவில்லை. பைக் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"புள்ளைங்க வெளாடுங்க டீச்சர்" என்றாள் அம்சவள்ளி. "வெளாட்டுல ஒண்ணு ரெண்டு அப்படி இப்படி இருக்கும்."

"அப்ப சாட்சின்னு இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள். வாசற்படியில் பூமாலை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். அந்த இரண்டாவது பார்வையில் கோபம் இருந்தது.

திங்கட்கிழமை மலர்விழி காலடிக்குத் தட்டு எதுவும் வரவில்லை. பழத்துக்கு நீளும் கையும் இல்லை, பழம் அவளிடமே இருந்தது. தலைமையாசிரியை சமையல்கட்டுக்கே வந்து, "பாத்தீங்களா, தீந்துபோச்சி" என்றார். ஏழாம் வகுப்பில் அவளோடு யாரும் பேசுவதில்லை என்பது அம்சவள்ளிக்குப் புரிய ஒரு வாரம் பிடித்தது. அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்துபோனார்கள். பந்து அவள் பக்கம் உருண்டால் அதை அங்கேயே விட்டுவிட்டார்கள். மாட்டிவிட்டவள் என்று பேர். முன்பு ஒரு முழம் தள்ளியாவது உட்கார இடம் இருந்தது. இப்போது வேப்பமரத்து நிழல் மொத்தமும் அவளுக்கு இல்லை. யாரும் அவளை ஒன்றும் செய்யவில்லை. எந்த டீச்சரிடம் போய் என்னவென்று புகார் சொல்வது?

மூன்றாவது வாரம் பூமாலை டி.சி. வாங்கிக்கொண்டு, மகளைத் திண்டிவனத்தில் இருக்கும் தன் தங்கை ரோஜா வீட்டில் கொண்டுபோய் விட்டாள். அதற்கடுத்த வியாழக்கிழமை, சாம்பார் சாதத்தன்று, குழாயடியில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி நான்கு தட்டுகளை வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். அம்சவள்ளி போய் மூன்றைப் பிடுங்கித் தானே கழுவினாள். மறுநாள் அந்தப் பெண் பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் இருக்கிற கைப்பம்புக்குப் போய்க் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை, மளிகைக்கு விழுப்புரம் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு அம்சவள்ளி திண்டிவனம் பஸ் ஏறினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு தெரு கேட்டுக் கேட்டுப் போய் வீட்டைக் கண்டுபிடித்தாள். ரோஜா ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். மலர்விழி தரையில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அம்சவள்ளியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"ஸ்கூலு எப்பிடிக் கீது?" என்றாள் அம்சவள்ளி.

பதிலை ரோஜா சொன்னாள். "எங்கங்க? நாலு நாளு போச்சி. அஞ்சாம் நாளு வவுத்து வலின்னு படுத்துக்கிச்சி. யாரும் ஒண்ணும் சொல்லலையாம். ஆனா கேட்டு வரைக்கும் போயி திரும்பி வந்துடுது. நானும் எத்தினி நாளு தொழிலை உட்டுட்டு இத்த இட்டுக்கினு அலையறது? நாளைக்கி காலையில எங்க அக்கா வந்து திருப்பூர் இட்டுக்கினு போவுது. எங்க அண்ணன் ஊட்டுல கைக்கொழந்த கீது. பாத்துக்கினு இருக்கட்டும்."

"படிப்பு?"

"அக்காளுக்கு மனசு உட்டுப்போச்சிங்க. இது மேல தப்பில்லன்னுதான் மொதல்ல சண்ட போட்டுச்சி. அப்புறம் இதே மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு வந்துச்சே! சோறு போடற ஆயாம்மாவே பாத்துட்டு கையெழுத்து போட்டாங்களாம். அவங்க நல்லவங்க, பொய் சொல்வாங்களா, அப்ப இதுதான் எதுனா பண்ணிகீதுன்னு அக்கா சொல்லுது." வந்தவள் யார் என்று ரோஜாவுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்து டீச்சர் யாரோ என்று நினைத்துக்கொண்டிருந்தாள். "டீ வாங்கியாறட்டுங்களா?"

அவள் சொம்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியதும் மலர்விழி கிட்டே வந்தாள்.

"கலை நல்லா கீதா ஆயாம்மா?"

"நல்லா கீது."

"நானா அவ பேரச் சொல்லலன்னு சொல்லுங்க. டீச்சர் கேட்டப்பகூட நான் சொல்லல. வேற யாரோ சொல்லிட்டாங்க."

அம்சவள்ளி அவள் கையைப் பிடித்தாள். "நான் பாத்தேன் கண்ணு. எல்லாத்தையும் பாத்தேன்."

"தெரியும் ஆயாம்மா. பழம் குடுக்கறப்ப ஜன்னல்ல நின்னீங்க." அவள் குரலில் கோபமில்லை. "அன்னிக்கி எனக்கு சந்தோசமா இருந்துச்சி. ஆயாம்மா பாத்துட்டாங்க, இனிமே செரியாப் பூடும்னு நெனச்சேன்."

டீ வருவதற்குள் அம்சவள்ளி எழுந்துவிட்டாள். தெருமுனை வரைக்கும் ஓட்டமும் நடையுமாக வந்து, பஸ் ஸ்டாண்டு வெயிலில் நின்று, செல்போனில் பூமாலையின் நம்பரைத் தேடினாள். பள்ளிக்கூடத்தில் எப்போதோ ஒரு விழாவுக்குச் சமையல்கட்டில் கூலிக்கு ஆள் தேவைப்பட்டபோது கூப்பிட வாங்கிய நம்பர். சொல்ல வேண்டியது நாலு வார்த்தை. நான் பாத்தேன், உம் பொண்ணு மேல தப்பில்ல, கையெழுத்து பொய், நாளைக்கி இட்டுக்கினு போவாத. டீச்சர் முன்னால வந்தும் சொல்றேன். தம்பி வீட்டில் நாளைக்குச் சோறு உண்டோ இல்லையோ, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முழுதாக மணி போய் நின்றது. கழனியில் இருந்தாலும் பூமாலை போனை இடுப்பில்தான் செருகியிருப்பாள். இரண்டாவது மணிக்கே எடுக்கிறவள். இன்று ஞாயிறு, வேலையும் இல்லை. மறுபடி போட்டாள். மறுபடியும் முழுதாகப் போய் நின்றது. மூன்றாவது தடவை போடப் போகும்போது சீனுவாசனின் நம்பர் வந்தது. அதைத் துண்டித்தாள்.

"விழுப்புரம், விழுப்புரம், ஏறும்மா, எடம் கீது" என்றான் கண்டக்டர். ஏறினால் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. படியில் வைத்த காலை அவள் கீழே எடுத்துக்கொண்டாள். பஸ் போய்விட்டது. காதை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மறு காதில் போனை அழுத்தி, நான்காவது தடவையாக மணி போவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.