வெறுங்கையோடு ஒரு நடை

எழுபதுகளின் தொடக்கத்தில், மணவாள நகரில் ஒரு பெண் வெறுங்கையோடு தெருவில் நடந்தால் அது சேதி. இடுப்பில் குடம் இருக்கலாம், குழந்தை இருக்கலாம், கையில் பை இருக்கலாம். ஒன்றுமில்லாமல் நடந்தால் தெருவே பேசும். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கு இடுப்பு வலி வந்தது. வந்ததே தவிரப் போகவில்லை. காலையில் பாயை விட்டு எழச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குனிந்து வாசல் பெருக்கினால் நிமிர முடியாது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். கைக்குழந்தை என்னைப் பார்த்துக் கையை நீட்டி அழும். என்னால் தூக்க முடியாது. மாமியார் வந்து தூக்கிக்கொண்டு போவார். இத்தனை பெற்றும் தான் ஒருநாள் படுத்ததில்லை என்று போகிற போக்கில் சொல்லிவிட்டும் போவார்.

திருவள்ளூரில் ஒரு டாக்டரம்மா என்னை நிற்கவைத்து, குனியவைத்து, நடக்கவைத்துப் பார்த்தார். படுத்தே கிடந்தால் இடுப்பு இன்னும் இறுகிப்போகும், தினமும் நட, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போ, கனம் மட்டும் தூக்காதே என்றார். மாத்திரையைவிட இதுதான் முக்கியம் என்று என் கணவரையும் கூப்பிட்டுச் சொன்னார். அவர் தலையை ஆட்டினார். தலையாட்டுவது அவருக்கு நன்றாக வரும்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்டது ஒன்றுதான். எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாய்? என் கணவர் சாயங்காலம் பாக்டரியிலிருந்து வந்து, ஒரு காபியைக் குடித்துவிட்டு, கூட்டாளிகளோடு கூவம் பாலம் வரை காற்று வாங்கப் போவார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஹாயாகப் போவார். அவரை ஒருத்தரும் எங்கே என்று கேட்டதில்லை. எனக்கு மட்டும் காரணம் வேண்டுமாம். அந்தக் காரணத்துக்காக மாமியார் என் கையில் ஒரு மஞ்சள் பையைத் திணித்தார்.

காலிப் பைதானே என்று நானும் கிளம்பினேன். பாலத்துக்குப் போகிற சாலையில் மாவு மிஷின் வரை போய்த் திரும்புவேன். முதலில் கால் இழுத்தது, பிறகு பழகிவிட்டது. சில வாரங்களில் சுவரைப் பிடிக்காமல் எழுந்தேன். ஒருநாள் குழந்தையை மடியில் இழுத்து, அணைத்தபடியே எழுந்து நின்றுவிட்டேன். அது என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அடுப்படிக்குப் போய் யாருக்கும் தெரியாமல் அழுதேன்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. எதிர்வீட்டு அக்கா தினமும் எங்கே போகிறாய் என்று கேட்க, மாவு மிஷினுக்கு என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன்.

"சும்மாதானே போற, இதையும் அரைச்சிக்கினு வந்துடு" என்று ரேஷன் கோதுமையைப் பையில் கொட்டினார்.

மறுநாள் பக்கத்து வீட்டு அரிசி வந்தது. அப்புறம் இன்னொரு வீட்டு மிளகாய், மல்லி. முடியாது என்று சொல்லிவிட்டால், பிறகு எதற்கு ஊர் சுற்றுகிறாள் என்று பேசுவார்கள் என்றார் மாமியார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. என் ஆத்திரமே அதுதான். நல்ல மனசோடு எல்லாரும் சேர்ந்து என் இடுப்பை ஒடித்தார்கள்.

வலி திரும்பியது, முன்னைவிட மோசமாக. குழந்தையைத் தூக்கப்போய்ப் பாதியில் கையை விட்டுவிட்டேன். நல்லவேளை, பாயில் விழுந்தது. கணவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"நடந்து நடந்துதான் இப்டி ஆச்சு. இனிமே நடக்கவே வாணாம், ஊட்லயே கெட."

நடந்ததால் வந்ததாம். சுமந்ததால் இல்லையாம்.

எதிர்வீட்டுக் கோதுமை மட்டும் மிஷினில் பாக்கி இருந்தது. அதை வாங்கிக் கொடுத்துவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள் என்று மறுநாள் சாயங்காலம் மாமியார் அனுப்பினார். மாவோடு திரும்பி வருகிறேன், எதிரே என் கணவர் கூட்டாளிகளோடு காற்று வாங்க வருகிறார். கைகள் முதுகுக்குப் பின்னால். நேரே போய் அவர் முன்னால் நின்றேன்.

"சும்மாதானே போய்க்கினு கீறீங்க. இத்த எதிரூட்ல குடுத்துருங்க."

அவர் கூட்டாளிகளைப் பார்த்தார். அவர்கள் சாலையைப் பார்த்தார்கள். முதுகுக்குப் பின்னாலிருந்து கைகள் மெல்ல முன்னால் வந்தன. பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி, பாலம் வரை வெறுங்கையோடு நடந்தேன். சைக்கிளில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துத் தொலையட்டும் என்று நடந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா இது, இந்தக் கனம் கனக்குது" என்றார்.

"இது ஒரு ஊட்டுது. நான் தூக்கினு வந்தது மூணு ஊட்டுது" என்றேன்.

மறுநாளிலிருந்து பையை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போனேன். எதிர்வீட்டு அக்கா எங்கே என்று கேட்டால், நடக்க என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமியாரும் சில நாள் என்னோடு பேசவில்லை. இடுப்பு மறுபடி தேற ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. தேறியதும் முதல் வேலையாகக் குழந்தையைத் தூக்கக் குனிந்தேன். அதற்குள் அது நடக்கக் கற்றுக்கொண்டிருந்தது. என் கையை விலக்கிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தது.