முகத்திரையும் கூரைத் தகரமும்

எழுதியவரும் திருத்தியவரும் மட்டுமே படிக்கிற சஞ்சிகைக்குத்தான் சட்ட சஞ்சிகை என்று பெயர். அப்படி ஒன்றுக்கு ஆசிரியராக இருந்து அவதிப்பட்ட அன்பர்களே, உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப் போவதில்லை. பதுளையில் சட்டம் படிக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து, கம்பனிச் சட்டத்துக்கென்றே தமிழில் ஒரு சஞ்சிகை தொடங்கினோம். நான் பிரதம ஆசிரியர். தயாளினி துணை ஆசிரியர். அதாவது, வேலை செய்கிறவள்.

கம்பனியும் ஒரு ஆள்

தயாளினியின் வீடு நமுனுகுல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில், இருக்கிறது. கூரைத் தகரமெல்லாம் ஓட்டை. மழை வந்தால் அவள் அம்மா பாயையும் அரிசி வாளியையும் இழுத்துக்கொண்டு அறைக்குள்ளேயே குடிபெயர்வார். தோட்டக் கம்பனியிடம் கேட்டால், அது பழைய கம்பனியின் பொறுப்பு என்றார்கள். பழைய கம்பனியை நடத்திய பணிப்பாளர்களேதான் புதியதற்கும் பணிப்பாளர்கள். மாறியது பெயர்ப்பலகை மட்டும். இதைத்தான் அவள் எங்கள் முதல் இதழுக்குக் கட்டுரையாக எழுதினாள்.

கள ஆய்வு என்று நானும் ஒருநாள் போனேன். ஒழுகாத மூலையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே, சட்டத்தின் பார்வையில் கம்பனி ஒரு தனி ஆள், பணிப்பாளர்கள் வேறு, அது வேறு என்று அம்மாவுக்கு விளக்கினேன். தோட்டத்தில் ஆள் என்றால், காலையில் பெரட்டுக் களத்தில் வந்து நின்று பெயர் கொடுக்கிற தொழிலாளி. அம்மா யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஆளுன்னா பெரட்டுக்கு வரணுமே தம்பி, நான் ஒரு நாளும் பாத்ததில்லையே?"

முகத்திரை

கம்பனி என்கிற மறைப்பை விலக்கி, பின்னால் இருப்பவர்களை நீதிமன்றம் பிடிப்பதற்குப் பாடக் குறிப்பில் 'கூட்டிணைப்புத் திரை நீக்கல்' என்று பெயர். எனக்கு அது சப்பென்று இருந்தது. தமிழுக்கு உயிர் கொடுக்கிறேன் பேர்வழி என்று, 'கம்பனியின் முகத்திரையைக் கிழித்தல்' என அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டேன்.

அச்சகம் நடத்தும் ரஷீத் நானா அட்டையைப் பார்த்ததும் கவிழ்த்து வைத்தார். தயாளினியின் தோட்டத்துக் கலண்டருக்கு ஓடர் கொடுக்க வந்திருந்த பெரிய கிளாக்கர் அதை நிமிர்த்திப் பார்த்துவிட்டார். ஐயா, இது வெறும் சட்டக் கோட்பாடு, அடிக்குறிப்பெல்லாம் இருக்கிறது என்று மன்றாடினேன். அவர் கண் தலைப்பை விட்டு இறங்கவே இல்லை. அவர் போனதும் நானா சொன்னார்: "கோட்பாடோ என்னவோ தம்பி, கிழிக்கிறதெண்டா வெளிய வெச்சுக் கிழிங்க, இங்க நான் கலண்டர் அடிக்கணும்."

தகரம்

அட்டையில் கட்டுரையாளர் பெயரும் இருந்ததால், மறுநாளே கிளாக்கர் தயாளினி வீட்டுக்கு வந்துவிட்டார். தலைப்பை மாற்றினால் கூரைக்குத் தகரம் வரும் என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. கருத்துச் சுதந்திரம், ஆசிரியர் குழுவின் மானம் என்று பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, மழை எங்க வீட்டுக்குள்ளதான் பெய்யுது" என்றாள் தயாளினி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பேரத்தை அவளிடமே விட்டேன். தகரம் லயம் முழுவதற்கும் வர வேண்டும், ஆணி அடித்த பிறகுதான் தலைப்பு மாறும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்படியே நடந்தது. அட்டையில் 'கூட்டிணைப்புத் திரை நீக்கல்' வந்து உட்கார்ந்தது. உள்ளே கட்டுரையில் ஒரு எழுத்தும் மாறவில்லை. பணிப்பாளர்களின் பெயர்கள் உட்பட எல்லாம் அப்படியே இருந்தன. கிளாக்கர் புது அட்டையைத் தடவிப் பார்த்து நிம்மதியாகச் சொன்னார்: "இப்பத்தாங்க படிச்சவங்க புஸ்தகம் மாதிரி இருக்கு, ஒருத்தரும் தொறக்க மாட்டாங்க."

அவர் வாக்குப் பலித்து எங்கள் சஞ்சிகையை இன்றுவரை ஒருவரும் திறக்கவில்லை, ஆனால் அந்தப் பழைய அட்டையின் புண்ணியத்தில் ஒரு லயமே நனையாமல் தூங்குகிறது.